ஐப்பசிக் காற்றில் ஸ்ட்ரெயிட் முடி நிற்குமா? வீட்டிலேயே முடியை நீட்டுவதும் சுருட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பார்லர் எதுவும் கிடையாது. கும்பகோணத்தில் வீடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் விடியற்காலை 3 மணிக்கு மண்டபத்து மாடி அறையில் ஒரு பிளக் பாயிண்ட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு வரிசையாகப் பத்துப் பேருக்குத் தலை செய்துவிடுவேன், அவ்வளவுதான். மாயவரமோ மன்னார்குடியோ நாகப்பட்டினமோ, எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அரைத் தூக்கத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

அக்கா, 4 மணிக்கு ஸ்ட்ரெயிட் பண்ணினேன், தாலி கட்டுவதற்குள் பொம்மென்று எழும்பிவிட்டது. மெஷின் சரியில்லையா?

மெஷின் மேல் பழி போடாதீர்கள். பள்ளிக்கூடம் போகும்போது ஈரத் தலையோடு ரெட்டை ஜடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டிவிடுவார்களே, சாயங்காலம் வந்து அவிழ்த்தால் முடி எப்படி இருந்தது? அலை அலையாக. மறுபடி தலைக்குக் குளித்தால்? போயே போச்சு. முடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். உள்ளே அந்த இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் கட்டுகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். கந்தகக் கட்டு கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது. பிறவிச் சுருட்டையோ பிறவி நேர் முடியோ, அந்த வடிவத்தைக் காப்பாற்றுவது அதுதான். ஹைட்ரஜன் கட்டு அப்படியில்லை. ஈரம் பட்டால் அவிழும், காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே திரும்ப முடிந்துகொள்ளும். சூடு வைத்தாலும் இதே கதைதான்: சூட்டில் அவிழ்ந்து ஆறும்போது பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரெயிட்னர், கர்லர், டிரையர், ரெட்டை ஜடை எல்லாம் விளையாடுவது இந்த இரண்டாவது கட்டோடுதான்.

அப்படியென்றால் காற்றில் இருக்கும் ஈரமே அதை அவிழ்த்துவிடும் அல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைப் பக்கம் காலைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். முடியோ தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. நீங்கள் 180 டிகிரியில் போட்ட கட்டை மழைக்காற்று ஒரு காசு செலவில்லாமல் அவிழ்த்துவிடுகிறது. பங்குனியில் திருச்சியில் நாள் முழுக்க நிற்கும் ஸ்ட்ரெயிட் முடி, கார்த்திகையில் வேதாரண்யத்தில் இரண்டு மணி நேரம் நின்றாலே பெரிது.

என் முடி பரட்டை. இதை நேராக்கித்தான் ஆகவேண்டுமா?

பரட்டை என்று உங்களுக்கு யார் சொன்னது? கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இருப்பது பரட்டையே இல்லை, அலை முடி. காய்ந்த பிறகு நெருக்கமான பல் சீப்பால் வறட்டு வறட்டென்று சீவுவதால் அலைகள் கலைந்து, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் பறக்கிறது. ஒரு தடவை இப்படிப் பாருங்கள்: கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கு எடுத்துவிடுங்கள், அலசிய பிறகு சீப்பே தொடாதீர்கள், துருக்கித் துண்டை விட்டுவிட்டுப் பழைய வேட்டித் துணியால் கீழிருந்து மேலாகக் கசக்காமல் பிழிந்துவிடுங்கள், அப்படியே காயவிடுங்கள். பாதிப் பேர் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டுப் போகலாம்.

துண்டால் தலையை உதறி உதறித் தட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஈர முடி உலர்ந்த முடியைவிடப் பலவீனமானது, அதிகமாக நீளும், எளிதாக அறும். மேல் தோலில் செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், வேரிலிருந்து நுனியைப் பார்த்தபடி. எதிர்த்திசையில் தேய்த்தால் ஓடு பெயர்ந்த கூரைதான்.

எத்தனை டிகிரி வைக்கலாம்?

மெல்லிய முடி, டை அடித்த முடி என்றால் 150. சாதாரண முடிக்கு 160 முதல் 180. அம்மன் சிலைக்குப் பின்னலாம் போல கெட்டியாகவும் சுருட்டையாகவும் இருந்தால் 190. நான் 200ஐத் தொடுவதில்லை. காய்ந்த முடியிலேயே 200க்கு மேல் போகப் போகக் கெரட்டினின் உள்ளமைப்பு குலைய ஆரம்பிக்கிறது, அது ஆறினாலும் திரும்பி வராது. அதற்குக் கீழே இருந்தால் பாதிப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை, குறைவு, அவ்வளவே. பெட்டியில் 230 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பார்லரில் செய்யும் சில கெமிக்கல் வேலைகளுக்கு ஆகலாம், வீட்டில் தேவையில்லை.

பொசுங்கின வாசனை வந்தால் டிகிரி கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே குறையுங்கள்.

என் மெஷினில் டிகிரியே காட்டாது. ஆன், ஆஃப் மட்டும்தான்.

விலை மலிவான பலவும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை இரண்டு தகடுக்கும் நடுவில் வைத்து ஐந்து எண்ணுங்கள். பழுப்பேறினால் உங்கள் முடிக்கு அந்தச் சூடு அதிகம். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். கரியடுப்பில் இரும்பைக் காயவைத்து முடியைச் சுருட்டிய காலத்தில் காகிதத்தை வைத்துத்தான் சூடு பார்த்தார்கள். பாரீஸில் மார்செல் கிராத்தோ அந்த இரும்பில் அலை போட்டுப் பேர் வாங்கியது 1872ல். கரண்ட் வந்ததே தவிர வித்தை ஒன்றும் மாறவில்லை.

தகடு பூச்சு உரிந்திருந்தால் காகிதமே வேண்டாம், மெஷினை மாற்றுங்கள். உரிந்த இடத்தில் முடி சிக்கி இழுபடும்.

லேசான ஈரத்தோடு அயர்ன் பண்ணினால் நன்றாகப் படிகிறதே?

படியும். துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்பதில்லையா என்று நானும் நினைத்தவள்தான். சித்தி மகள் கல்யாணம், அடைமழை, முதல் நாள் இரவு தலைக்குக் குளித்திருந்தேன், காலை 3 மணிக்கும் பிடரியில் ஈரம் காயவில்லை. நேரமில்லை என்று சூட்டை முழுசாக ஏற்றிவிட்டு வைத்தேன். தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சொய்ங்கென்று சத்தம், ஆவி. படிந்தது என்னவோ கண்ணாடி மாதிரிதான் படிந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நெற்றியோரத்து இழைகளில் கடுகில் பாதி அளவு வெள்ளைப் புள்ளிகள், விரலால் உருவினால் அந்தப் புள்ளியிலேயே பட் பட்டென்று அறுந்தன. முன் நெற்றியில் கோரைப்புல் முளைத்த மாதிரி ஒரு வருடம் திரிந்தேன்.

நடந்தது இதுதான்: முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குமிழ் குமிழாக வெடித்துவிடுகிறது. குமிழ் இருக்கும் இடம் ஓட்டையான மூங்கில், பிறகு எந்த எண்ணெயும் அதை அடைக்காது. ஈர முடியில் 125 டிகிரி இரும்பே ஒரு நிமிடம் நின்றால் இது நடக்கும்.

ஆகவே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த முடியில் இரும்பு சத்தம் போடாமல் போகும். சொய்ங் கேட்டால் எடுத்துவிடுங்கள். ஒரு விஷயம், சூடு தாங்குவதற்காகத் தடவும் சீரம் காய்வதற்குள் வைத்தாலும் மெல்லிய புகை வரும், அது வேறு. இருந்தாலும் அதற்கும் ஒரு நிமிடம் பொறுப்பது நல்லது.

டிரையர் கெடுதல், ஃபேனில் காயவைப்பதுதான் நல்லது என்கிறார்களே?

அப்படித்தான் நானும் நம்பினேன். 2011ல் கொரியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். டிரையரை முடிக்குக் கிட்டே கொண்டுபோகப் போக மேற்பரப்புச் சேதம் கூடியது, எதிர்பார்த்ததுதான். ஆனால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காயவைத்த முடி, தானாகக் காயவிட்ட முடியைவிட ஒரு வகையில் தேவலாம் என்று முடித்தார்கள். நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதே முடிக்குள் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைப் பாதிக்கிறதாம். அந்தத் தூரத்தில் காற்றின் சூடு வெறும் 47 டிகிரிதான்.

இதை நம் மழைக்காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். இடுப்பு வரை முடி, வெளியே தூறல், கொடியில் துணியே இரண்டு நாள் காயாத வீட்டில் தலை மட்டும் எப்படிக் காயும்? நாள் முழுக்க ஈரத்தலையோடு கொண்டை போட்டுக்கொண்டு திரிந்து, சாயங்காலம் வாடை வந்த பிறகு அவிழ்ப்பதைவிட, ஒரு சாண் தள்ளி மிதமான சூட்டில் கால்மணி நேரம் டிரையர் பிடிப்பது மேல். டிரையரின் மூக்கு மேலிருந்து கீழ் நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் கூரை ஓடுகள் படியும். கடைசி ஒரு நிமிடம் குளிர் காற்று.

சாம்பிராணிப் புகை போடுவதும் டிரையரின் பாட்டிதான். மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியைப் பரப்பிவிடுவார்கள், தணல் தள்ளியே இருக்கும். வாசனைக்கு ஈடில்லை. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கலாம்.

எண்ணெய் தடவி அயர்ன் பண்ணினால் முடிக்குப் பாதுகாப்பா?

இல்லை. எண்ணெய்ச் சட்டியில் வடகம் போட்டால் என்ன ஆகும்? மேலே எண்ணெய் இருந்தால் புகையும், தகட்டில் பிசுக்கு ஏறி அடுத்தடுத்த முடியையும் பிடித்து இழுக்கும்.

எண்ணெயின் இடம் குளிப்பதற்கு முன்னால். 2003ல் மும்பையிலிருந்து வந்த ஓர் ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, தேங்காய் எண்ணெய்தான் முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைக்கிறது என்றது. அதில் உள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, உள்ளே இறங்கும் என்பது காரணம். அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்புவது உங்கள் பாடு. எனக்கு அனுபவத்தில் சரியாகத்தான் இருக்கிறது. முதல் நாள் இரவு கொஞ்சமாகத் தடவி, காலையில் சுத்தமாக அலசிவிடுங்கள்.

சரி, அப்போது என்னதான் தடவுவது?

வெப்பத்தைத் தாங்கும் சீரம் அல்லது ஸ்ப்ரே. பாட்டிலின் பின்னால் டைமெத்திகோன், சைக்ளோ என்று தொடங்கும் சிலிக்கோன் பெயர்கள் இருக்கும். அவை முடி மேல் மெல்லிய படலமாகப் படிந்து சூடு பரவும் வேகத்தைக் குறைக்கும், வெளியீரம் உள்ளே போவதையும் கொஞ்சம் தடுக்கும். தோள்வரை முடிக்கு ஒரு பட்டாணி அளவு, அதையும் உள்ளங்கையில் தேய்த்து நுனியிலிருந்து. இது குடை இல்லை, தலையில் போட்ட துண்டு மாதிரி; தூறலுக்கு ஆகும், 230 டிகிரிக்கு ஆகாது.

மழைக்காலத்தில் கிளிசரினும் கற்றாழை ஜெல்லும் வேண்டாம். இரண்டும் ஈரத்தை இழுப்பவை, காற்றில் ஈரம் ததும்பும்போது அதை இழுத்து முடிக்குக் கொடுத்துப் பொம்மென்று ஆக்கிவிடும். தை மாதத்துக்கு நன்றாயிருந்த பொருள் ஐப்பசியில் காலை வாருவது இதனால்தான், பொருள் போலி இல்லை.

முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது, ஒரு தடவை சொல்லுங்கள்.

முதல் நாளே தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு அலசி, முழுக்கக் காயவையுங்கள். பிடரியையும் காதுக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள், ஏமாற்றுவது அந்த இடங்கள்தான். சிக்கு எடுத்து சீரம் தடவி ஒரு நிமிடம். இப்போது காதிலிருந்து காதுக்கு வகிடு எடுத்து மேல் முடியைத் தூக்கி கிளிப் போட்டுவிட்டுக் கீழ்ப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கொத்து இரண்டு விரல் அகலம், பின்னால் இருக்கும் தகடு நிழலாகத் தெரியும் அளவுக்கு மெலிசு. ஆத்திரத்தில் கை நிறையப் பிடித்தால் வெளிப்பக்கம் பொசுங்கும், உள்பக்கம் அப்படியே இருக்கும், அதற்காக மறுபடி மறுபடி இழுப்பீர்கள், கெடுவது அங்கேதான்.

வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு தகட்டை மூடி, முன்னால் சீப்பு போக, பின்னாலேயே இரும்பு போக, நிற்காமல் ஒரே வேகத்தில் நுனிவரை. தேர் வடம் பிடிக்கும் வேகம். ஓட்டமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. நடுவில் நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழும். ஒரு கொத்துக்கு ஒரு இழுப்பு, மிஞ்சினால் இரண்டு. இழுத்து முடித்ததும் தொடாதீர்கள். கட்டு விழுவது ஆறும்போது என்று மேலே சொன்னேனே, சூட்டோடு சூடாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் ஒதுக்கின வடிவத்திலேயே ஆறும். எல்லாம் ஆறின பிறகு கையில் ஒட்டியிருக்கும் மிச்ச சீரத்தை மட்டும் மேலே தடவினால் பறக்கும் முடி அடங்கிவிடும்.

நீளமான, அடர்த்தியான முடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் முடியும் என்பவர்கள் கழுத்துக்கு மேலே முடி வெட்டியவர்கள்.

ஸ்ட்ரெயிட் பண்ணின முடியில் பூ வைக்கலாமா?

இந்தக் கேள்விக்காகவே தனியாக எழுதலாம். தஞ்சாவூர்க் கதம்பத்தைப் பூக்காரம்மா வாழையிலையில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் கொடுப்பார். மருவும் மரிக்கொழுந்தும் சொட்டச் சொட்ட இருக்கும். அதை அப்படியே வைத்தால் பூவைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு முடி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், நடு முதுகில் மட்டும் பொம்மென்று நிற்கும், போட்டோவில் அது தெரியும். பூவை அரைமணி நேரம் முன்னாலேயே இலையிலிருந்து எடுத்து ஒரு துணியில் போட்டு ஒற்றுங்கள். உதிரியான ஜாதிமல்லி இன்னும் தேவலாம். இன்னொரு வழி, பூ வரும் இடத்தில் சின்னதாக ஒரு பின்னல் போட்டு அதில் சொருகிவிட்டு மற்றதை விரித்துவிடுவது. ஈரம் பின்னலோடு நின்றுகொள்ளும், பூவும் நழுவாது.

சூடே இல்லாமல் சுருட்ட முடியுமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் மழைக்காலக் கல்யாணத்துக்கு நேர் முடி ஆசையே வேண்டாம், அலையும் சுருளும்தான் சரி. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அது அலையோடு அலையாகப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில், ஒரு முழ நீளத்தில் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். முடி முக்கால்வாசிக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு கொத்தின் நுனியைப் பட்டையின் நடுவில் வைத்து, பாய் சுருட்டுவது போல மேல்நோக்கிச் சுருட்டி, பட்டையின் இரண்டு முனையையும் முடிச்சுப் போடுங்கள். பெரிய அலைக்கு ஆறு கொத்து, சின்னச் சுருளுக்குப் பதினாறு. காலையில் அவிழ்ப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தொட்டுப் பாருங்கள். உள்ளே குளுமையாக இருந்தால் இன்னும் ஈரம், டிரையரால் கட்டின மேனிக்கே ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் பிறகு அவிழுங்கள். ஈரத்தோடு அவிழ்த்துவிட்டுச் சுருள் நிற்கவில்லை என்று எனக்குப் போன் செய்தவர்கள் ஏராளம். அவிழ்த்ததும் சீப்பு வேண்டாம், விரலால் கோதுங்கள்.

பட்டுத் தலையணை உறை நல்லதா என்றும் கேட்பார்கள். நல்லதுதான், உராய்வு குறையும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சின்ன வயதில் போட்ட திருபுவனம் பட்டுப்பாவாடை பீரோவில் கிடந்தால் ஜரிகையை நீக்கிவிட்டுத் தைத்துக்கொள்ளுங்கள்.

கர்லரில் சுருட்டினால் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடுகிறதே?

சூட்டோடு கீழே விடுகிறீர்கள். இரும்பிலிருந்து உருவிய சுருளை உள்ளங்கையில் ஏந்தி, அப்படியே சுருளாகவே தலையோடு வைத்துக் கிளிப் போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்து, புடவை கட்டி, ஆற அமரக் காபி குடித்த பிறகு கிளிப்பை எடுங்கள். சுற்றிப் பிடிக்கும் நேரம் எட்டு நொடி போதும். கனமான முடிக்குப் பெரிய உருளை நிற்காது, 25 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே.

முகத்தோரம் இருப்பதை முகத்துக்கு வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். உள்பக்கம் சுற்றினால் மதியச் சாப்பாட்டில் ரசத்துக்குள் போகும்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. எது செய்தாலும் முடி நார் நாராக இருக்கிறது.

பக்கெட் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதா, ஷாம்பு நுரைக்க மறுக்கிறதா, அப்படியென்றால் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், அதே படிவு முடியிலும் ஏறுகிறது. ஆற்றோரத்து ஊர்களில் பரவாயில்லை, கடல் பக்கம் போகப் போகக் கஷ்டம்தான். குளிப்பதெல்லாம் போரில் இருக்கட்டும், கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீரில் அலசுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசினால் படிவு கொஞ்சம் கரையும். சீயக்காயும் லேசான புளிப்புத்தன்மை உள்ளதுதான், ஆனால் அரைகுறையாக அலசினால் அதன் தூள் தங்கி, அயர்ன் தகட்டுக்கு நடுவில் மணல் மாதிரி உரசும்.

வாழைப்பழம், அரிசி மாவு, கஞ்சி போட்டால் நிரந்தரமாக நேராகுமா?

ஆகாது. கந்தகக் கட்டை அசைக்க வாழைப்பழத்தால் முடியாது. நெல் விளையும் ஊர், வடித்த கஞ்சிக்குப் பஞ்சமில்லை, தலைக்குத் தேய்த்தால் மாவுச்சத்து மேலே படிந்து அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். அடிக்கடி போட்டால் கஞ்சி போட்ட காட்டன் புடவை மாதிரி விறைக்கும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் வேறு ரகம், அவற்றின் வழவழப்பு கண்டிஷனர் வேலை செய்யும், சிக்கு எடுக்கச் சுலபம். வாழைப்பழம் சாப்பிடுவதற்கு. முடியிலிருந்து அதன் நாரைப் பொறுக்கி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

ரீபாண்டிங் கிரீம் ஆன்லைனில் கிடைக்கிறது. வீட்டிலேயே போடலாமா?

வேண்டாம். அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற மருந்து கந்தகக் கட்டையே அவிழ்க்கிறது, பிறகு நீட்டிவைத்து வேறொரு மருந்தால் திரும்பக் கட்டுகிறார்கள். எப்போது கழுவ வேண்டும் என்பதில் சில நிமிடம் தவறினால் முடி கொழகொழத்து அறுந்துவிடும், தலைத்தோலும் வெந்துபோகும். தன் பிடரியைத் தானே பார்க்க முடியாத ஆள் செய்யும் வேலை இல்லை இது.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று சொல்வதிலும் ஜாக்கிரதை. பல கலவைகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுபவை, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டது. கண் எரிந்தால், மூக்கில் நீர் வடிந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், காசு போனால் போகிறது. ஃபார்மால்டிஹைடு இல்லாதது என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அத்தகைய கிரீமைப் பூசிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024ல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தார்கள்.

மருதாணி, டை போட்ட முடிக்கு?

டை போட்டு ஒரு வாரமாவது இடைவெளி, 150 டிகிரி. மருதாணி முடியை லேசாக விறைப்பாக்கும், சூடு நிறத்தையும் மாற்றலாம், ஒரு கொத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஹாஸ்டலில் துணி இஸ்திரிப் பெட்டியால் பண்ணுகிறோமே அக்கா?

காதைத் திருகவேண்டும். காட்டன் குறியில் வைத்தால் அது 200ஐ ஒட்டி நிற்கும், ஒரு பக்கம் மட்டும் வேகும், கன்னத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு அங்குலம்கூட இருக்காது.

கழுத்தில் சுட்டுக்கொண்டேன். என்ன வைப்பது?

குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். இட்லி மாவு, பேனா மை, பேஸ்ட், நெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, சூடான மெஷினைப் பாலியஸ்டர் புடவை மேலோ கட்டில் விரிப்பிலோ வைக்காதீர்கள். மண்டபத்து அறையில் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடும்போது நடப்பது அதுதான். நான் ஒரு எவர்சில்வர் தட்டு எடுத்துப்போவேன், மெஷினுக்கு அதுதான் ஆசனம்.

வாரத்துக்கு எத்தனை தடவை பண்ணலாம்? கெட்டுப்போன முடி சரியாகுமா?

ஒரு தடவைக்கு மேல் எதற்கு? ஒருமுறை நேராக்கிவிட்டு மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் விடாமல் ஓட்டுங்கள், இரவில் தளர்வாகக் கொண்டை. சூடு வைப்பது விசேஷத்துக்கு, தினமும் ஆபீஸ் போக அல்ல.

கெட்டது சரியாகாது. தோலுக்கு வெளியே இருக்கும் முடிக்கு உயிர் இல்லை, புண் ஆறுவது போல அது ஆறாது. வெடித்த நுனியை ஒட்டவைக்கும் சீரம் அடுத்த குளியலோடு போய்விடும். கத்திரிக்கோல்தான் மருந்து. முடி மாதத்துக்கு 1.25 சென்டிமீட்டர் அளவில் வளரும், அந்தக் கணக்கில் ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதலாக, 30 சென்டிமீட்டர் வளர இரண்டு வருடம். என் நெற்றியோரத்துக் கோரைப்புல் காதைத் தொடுவதற்கே ஒரு வருடம் ஆனது.

மண்டபத்தில் கரண்ட் போய்விட்டால்?

ஜெனரேட்டர் வரும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். டிரையர் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் சொருகினால் ஒலியெழுப்பிவிட்டு நின்றுவிடும். ஸ்ட்ரெயிட்னர் அதைவிட மிகக் குறைவு, பெட்டியில் வாட் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பாதித் தலை நேராகவும் பாதித் தலை அலையாகவும் நிற்கும் பெண்ணை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மொத்தத்தையும் சேர்த்துத் தளர்வாகப் பின்னி, குஞ்சம் வைத்து, கதம்பத்தைச் சுற்றிவிட்டேன். அதில் ஒரு பெண்ணின் மாமியார் என்னிடம் வந்து, முதலிலேயே இப்படிப் பின்னியிருக்கலாமே, எதற்கு இரண்டு மணி நேரம் அந்த இரும்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினீர்கள் என்று கேட்டார்.